பிள்ளையை வாங்கினவதான் கொடுக்கணும்

புதிதாகக் கேப்டன் பொறுப்பு எடுத்திருக்கும் டீச்சர்மார்களுக்கு,

சாரணியர் இயக்கத்தின் வரலாறும் நோக்கமும் என்று தலைப்புக் கொடுத்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நான் பத்தாவது. அதற்கப்புறம் தையல் பரீட்சை பாஸ் பண்ணினேன். அவ்வளவுதான் படிப்பு. ரவிக்கை வெட்டச் சொன்னால் வெட்டுவேன். எழுதிப் பழக்கமில்லை. தெரிந்ததை எழுதுகிறேன்.

எனக்குச் சின்னாளபட்டி. நெசவுக் குடும்பம். திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சராகச் சேர்ந்தேன். ஓய்வு பெறும் வரைக்கும் அதே பள்ளி, அதே மெஷின். சாரணியர் எனக்கு எப்படி வந்தது என்றால், ஸ்கார்ஃப் வழியாக வந்தது. பள்ளியில் ஒரு படை ஆரம்பிக்கணும் என்று மேலே இருந்து உத்தரவு. எனக்குப் பத்தாம் வகுப்பு இருக்கு, எனக்கு ப்ளஸ் டூ இருக்கு என்று மற்ற டீச்சர்கள் நழுவிவிட்டார்கள். அப்போதிருந்த தலைமையாசிரியை என் மெஷினுக்கு முன்னால் வந்து நின்றார்.

"பிள்ளைகளுக்கு ஸ்கார்ஃப் நீதானே தைக்கப்போற?"

"ஆமாம்மா."

"அப்ப அதைக் கட்டிக்கிற பிள்ளைகளையும் நீயே பாத்துக்க."

இப்படித்தான் கேப்டன் ஆனேன். உங்களில் பாதிப் பேருக்கும் இப்படித்தான் வந்து சேர்ந்திருக்கும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

முடிச்சு, கூடாரம், முதலுதவி, கொடிப் பாட்டு இதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நான் எழுத மாட்டேன். பயிற்சியில் சொல்லாததை மட்டும் எழுதுகிறேன்.

முதல் வருஷம் உங்களை எதற்குத் தேடுவார்கள் தெரியுமா? பன்னீர் தெளிக்க. சந்தனக் கிண்ணம் பிடிக்க. மாலைத் தட்டு ஏந்த. வருகிறவர் எப்பவும் நேரம் கழித்துத்தான் வருவார். நம் பிள்ளைகள் நீல உடுப்பில் வாசலில் வரிசையாக வெயிலில் நிற்கும். பார்க்க லட்சணமாக இருக்கிறது என்பார்கள். எங்கள் பள்ளியிலும் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். ஒரு நாள் அதற்கு ஒரு முற்றுப்புள்ளி வைத்தேன். ஆபீசிலிருந்து ஆள் வந்தது.

"டீச்சர், பன்னீர்ச் செம்புக்கு நாலு பிள்ளை வேணுமாம்."

"செம்பு ஸ்டோர் ரூம்ல இருக்கு. எடுத்துக்கங்க. பிள்ளைக வராது."

"என்ன டீச்சர், இம்புட்டு நாளா வந்துச்சுக?"

"இம்புட்டு நாளா வந்துச்சுக. இன்னிக்கு வராது."

போய்ச் சொன்னான். திட்டு விழுந்தது. வாங்கிக்கொண்டேன். திட்டு என்ன செய்யும்? காதில் விழும், அவ்வளவுதான்.

அடுத்தது. பிள்ளைகளுக்குப் பதில் நீங்கள் பேசாதீர்கள். இதுதான் கேப்டன் வேலையில் கஷ்டமான வேலை. வாயை மூடிக்கொண்டு நிற்பது.

தொப்பம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் முகாம் போட்டோம். முதல் நாள் ஊர்ப் பெரியவர் ஒருத்தர் எங்களைப் பார்க்க வந்தார். அணித் தலைவி ஒருத்தி வலது கையால் சல்யூட் வைத்துவிட்டு, இடது கையைக் குலுக்க நீட்டினாள். உலகம் பூராவும் நம் ஆட்களுக்கு அதுதான் வழக்கம். அவருக்குத் தெரியுமா? ரெண்டு எட்டு பின்னால் போய்விட்டார்.

"ஏனுங்க டீச்சர், பெரியவங்களுக்கு எந்தக் கையைக் குடுக்கறதுன்னு புள்ளைக்குச் சொல்லித் தரலீங்களா?"

சுற்றி நின்றவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். நான் பிள்ளையைப் பார்த்தேன். அவள் நீட்டின கையை எடுக்கவில்லை.

"இது எங்க வழக்கம் ஐயா. சண்டைக்குப் போறவங்க இந்தக் கையிலதான் கேடயம் பிடிப்பாங்களாம். அதைக் கீழ வச்சுட்டுக் கையக் குடுத்தா, உங்களை நம்புறோம்னு அர்த்தம்."

"நம்பலைன்னா?"

"நம்பலைன்னா கேடயம் கையிலயேதான் இருக்கும் ஐயா."

அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இடது கையைக் கொடுத்தார். சாயங்காலம் ஒரு கூடைத் தக்காளி வந்தது. கொண்டுவந்த பையன் சொன்னான், "ரெண்டு கையிலயும் வாங்கிக்கச் சொன்னாருங்க."

நான் முந்திக்கொண்டு 'மன்னிச்சுக்கங்க ஐயா, சின்னப் பிள்ளை' என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். அவள் அப்புறம் எந்தக் கையையும் யாரிடமும் நீட்டியிருக்க மாட்டாள்.

இப்போது திருவிழா விஷயத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் எழுத ஒத்துக்கொண்டேன். இதைப் பற்றி ஊரில் பல மாதிரி பேசுகிறார்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

மாசி மாதம் மாரியம்மன் திருவிழா. கூட்டம் உங்களுக்குத் தெரியும். கூட்டத்தில் பெற்றவர்கள் கையை விட்டுத் தொலைந்துபோகும் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ள ஒரு பந்தல் போடுவார்கள். அது நம் படையின் பொறுப்பு. ஒரு வருஷம் அங்கே ஒரு குளறுபடி. அழுத பையனை ஒரு அம்மாள் 'நம்ம தெருப் பிள்ளைதான், நான் கொண்டுபோய் விட்டுர்றேன்' என்று வாங்கிப் போனார். நல்ல மனசில்தான் வாங்கினார். தெருவையும் சரியாகத்தான் சொன்னார். ஆனால் வீட்டில் ஆள் இல்லை. பெற்றவள் கோயிலைச் சுற்றிச் சுற்றி ஓடியிருக்கிறாள். சாயங்காலம் பையன் கைக்கு வந்து சேரும் வரை அவள் உயிர் அவளிடத்தில் இல்லை.

திருவிழா முடிந்ததும் அணித் தலைவிகள் கூடினார்கள். நம் இயக்கத்தில் அது வழக்கம். படையில் எது நடந்தாலும் அணித் தலைவிகள் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். கேப்டன் ஓரமாக உட்காரலாம். கேட்டால் பேசலாம். அன்றைக்கு என்னைக் கேட்கவில்லை. அவர்களே பேசி ஒரு விதி போட்டார்கள்.

பந்தலுக்கு வரும் பிள்ளையை யார் வாங்குகிறாளோ, அவள்தான் திருப்பிக் கொடுக்கணும். வேறு யாரும் கொடுக்கக் கூடாது, கேப்டன் உட்பட. பிள்ளை யாருடன் கோயிலுக்கு வந்ததோ அந்த ஆள் வரணும். வேறு ஆள் வந்தால், பிள்ளை தானாக அவரிடம் போகணும். போகவில்லை என்றால் கொடுக்கக் கூடாது.

ஸ்டாஃப் ரூமில் சிரித்தார்கள். "உங்க பிள்ளைக சட்டம் போடுதாம்ல? கோர்ட்டு எப்பத் திறப்பு?" என்றார் கணக்கு டீச்சர். திறந்தாச்சு என்றேன்.

அதற்கடுத்த மாசி. பூப்பல்லக்கு வரும் நாள். எங்கள் பந்தலில் கார்த்திகா என்று ஒரு பெண். ஒன்பதாம் வகுப்பு. அணித் தலைவி. அவள் அப்பா பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். பிள்ளை அதிகம் பேச மாட்டாள். எனக்குப் பிடிக்கும், நானும் பேச மாட்டேன்.

மதியத்துக்கு மேல் பலூன் விற்கிறவர் ஒரு சின்னப் பிள்ளையைத் தூக்கி வந்தார். பெண் குழந்தை. பச்சைப் பாவாடை. கார்த்திகா வாங்கினாள். அழுகை நின்றதும் பேர் யாழினி என்றது. அம்மா பேர் கேட்டால் அம்மா என்றது. மைக்கில் சொன்னோம்.

கொஞ்ச நேரத்தில் ஒருத்தர் வேகமாக வந்தார். புது மொட்டை. தலை பூராவும் சந்தனம். மீசையும் எடுத்திருந்தார். மஞ்சள் வேட்டி.

"யாழினிக் குட்டி! வா, பெரியப்பாகிட்ட வா!"

பிள்ளை அவரைப் பார்த்துவிட்டு வீறிட்டது. கார்த்திகாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"ஏய், நான்தான் தங்கம். பெரியப்பா."

"ஆங்... வேண்டாம்! மொட்டை மாமா வேண்டாம்!"

கார்த்திகா அவரை உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். பிள்ளை யாரோடு வந்தது என்று கேட்டாள்.

"என் தம்பி சம்சாரத்தோட. அவளுக்கு வெயில்ல மயக்கம் வந்து அங்கிட்டு டாக்டர் பந்தல்ல படுக்க வச்சிருக்காங்களாம். நான்தான் கூட்டிட்டுப் போகணும். குடு."

"அவங்க அப்பா எங்க ஐயா?"

"ஒட்டன்சத்திரத்துல காய் லோடு ஏத்திக்கிட்டுக் கேரளாவுக்குப் போயிருக்கான்."

"போன் போடுங்க ஐயா. பாப்பாகிட்டப் பேசட்டும்."

போட்டார். மலைப்பாதையில் இருப்பான், சிக்னல் இல்லை என்றார். அந்த அம்மாளுக்குப் போட்டார். மணி அடித்தது, எடுக்க ஆளில்லை. பிறகு போனில் இருந்த ஒரு போட்டோவைக் காட்டினார். மடியில் இதே குழந்தை. ஆனால் மடிக்குச் சொந்தக்காரருக்குத் தலை நிறைய முடி. காதுவரை மீசை.

கார்த்திகா போட்டோவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி போட்டோவைப் பார்த்தாள்.

"இது நீங்களா ஐயா?"

"பின்ன யாரு? காலையிலதான் மொட்டை போட்டேன், வேண்டுதல்!"

பக்கத்தில் நின்ற பலூன்காரர், "மீசையையாவது விட்டு வச்சிருக்கலாம்" என்றார். யாரும் அவரிடம் கேட்கவில்லை.

அந்த மனுஷர் சொன்னது அத்தனையும் உண்மை. இப்பவே சொல்லிவிடுகிறேன். அவர்தான் பெரியப்பா. தாய் மயங்கித்தான் கிடந்தாள். திருடன் வந்தான், நம் பிள்ளை பிடித்தாள் என்று சிலர் கதை கட்டுகிறார்கள். அது பொய். அவர் நல்ல மனுஷர். ஆனால் அன்றைக்கு அந்தப் பந்தலில் நின்றவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

அந்த நேரம் எங்கள் தலைமையாசிரியை பந்தலுக்கு வந்தார். நான் சேர்ந்தபோது இருந்தவர் இல்லை, இவர் பிறகு வந்தவர். மனுஷரைக் குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டார்.

"ஐயா நீங்களா! அடையாளமே தெரியலையே. கார்த்திகா, யார்னு தெரியுமா? நம்ம பள்ளிக் கமிட்டி மெம்பர். பூ மார்க்கெட் தங்கராசு ஐயா. பாப்பாவைக் குடு."

கார்த்திகாவின் முகம் செத்துப்போனது. அவள் அப்பா மூட்டை தூக்குவது அந்தத் தங்கராசு கடையில்தான். தினம் பார்த்த ஆள். மொட்டையில் அவளுக்கும் தெரியவில்லை. இப்போது தெரிந்துவிட்டது. குழந்தையைப் பிடித்த கை இறுகியது.

"அம்மா, ஐயாவை உங்களுக்குத் தெரியும். பாப்பாவை உங்களுக்குத் தெரியுமா?"

தலைமையாசிரியைக்குக் குழந்தையைத் தெரியாது. அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறார்.

"பாப்பா ஐயாகிட்டப் போகட்டும்மா. நான் தடுக்கல. போகலைன்னா அவங்க அம்மா வரணும். இல்லாட்டி நான் பாப்பாவைத் தூக்கிக்கிட்டு டாக்டர் பந்தலுக்கு வாரேன்."

தூக்கிக்கொண்டு போக முடியாது. பல்லக்கு வருகிறது என்று போலீஸ் நடுவில் கயிறு கட்டிவிட்டது. குழந்தையோடு யாரையும் விடவில்லை. பந்தலில் நின்ற போலீஸ்காரப் பெண்ணும், "பெரிய மனுஷன் பொய்யா சொல்வாரு? குடுத்துரு பாப்பா" என்றாள். கார்த்திகா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

தங்கராசு குரலை உயர்த்தினார். "ஏ புள்ள, நீ யாரு மக?"

அவள் சொன்னாள். அப்பா பேரைச் சொன்னாள். உங்க கடையிலதான் வேலை பாக்குறாரு ஐயா என்றும் சொன்னாள். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். மறைக்கவில்லை.

"தெரிஞ்சுமா குடுக்க மாட்டேங்கிற?"

"தெரிஞ்சதாலதான் ஐயா நிக்க வேண்டியிருக்கு. தெரியாத ஆளா இருந்தா, யாரோ ஒருத்தர் பிள்ளையைக் கேக்குறாருன்னு இந்நேரம் மைக்கில சொல்லிருப்பேன்."

தலைமையாசிரியை என் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்துக்கிட்டே நிக்கிறீங்க? சொல்லுங்க அவகிட்ட. நீங்க சொன்னா செய்வா."

"ஆமாம்மா. செய்வா. அதனாலதான் சொல்ல மாட்டேன்."

"இது என்ன பேச்சு?"

"பிள்ளையை வாங்கினது அவ. கொடுக்கிறது அவதான். நான் இல்ல."

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். தங்கராசு உண்மையைத்தான் சொல்கிறார் என்று அந்த நேரம் எனக்கும் தோன்றியது. முக்கால்வாசி நம்பினேன். முக்கால்வாசிக்குக் குழந்தையைக் கொடுக்க முடியாது. சீலைத் துணி வாங்கும்போது முக்கால்வாசி சரியாக இருந்தால் போதும். இதில் போதாது.

பல்லக்கு போய் முடிந்து கயிறு அவிழ்ந்த பிறகுதான் அந்தத் தாய் வந்தாள். ரெண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். குழந்தை கார்த்திகாவை உதறிவிட்டு ஓடியது. தாய் அதை அள்ளி அணைத்து, முத்தம் கொடுத்து, அப்புறம்தான் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் முழித்தாள்.

"யாரு... ஐயோ, மாமா! நீங்களா? எனக்கே அடையாளம் தெரியலையே!"

பந்தலே சிரித்துவிட்டது. போலீஸ்காரப் பெண் சிரித்தாள். பலூன்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். கார்த்திகா மட்டும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. காக்க வைத்ததைத் தங்கராசு மறந்திருப்பார். சிரித்ததை மறக்க மாட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

தெரிந்தபடிதான் ஆனது. பள்ளிக் கமிட்டி கூடியது. கார்த்திகா காலைப் பிரார்த்தனையில் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் தங்கராசுவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஸ்கார்ஃபைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் படையையே கலைத்துவிடுவோம் என்றார்கள்.

கமிட்டி எங்களைக் கூப்பிட்ட நாளுக்கு முந்தின நாள் கார்த்திகாவின் அப்பா என்னைத் தேடி வந்தார். கையில் பூ வாசம் போகாத மனுஷர். உட்காரவில்லை.

"டீச்சர், ஒரு மன்னிப்புதான. கேட்டா என்ன கொறைஞ்சுபோகும்? நான் அவரு கடையில மூட்டை தூக்குறவன்."

"பிள்ளைகிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டேன். 'அப்பா, நாளைக்கு நம்ம தம்பி தொலைஞ்சு போயி, உங்க மொதலாளியத் தெரியும்னு யாராச்சும் வந்து கேட்டா குடுத்துரலாமா'ன்னு திருப்பிக் கேக்குறா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? வாய மூடிக்கிட்டு இங்க வந்துட்டேன்."

வாசல் வரைக்கும் போனார். பிறகு, "வேலை போனா ஒட்டன்சத்திரம் காய் மார்க்கெட்டுல பாத்துக்குறேன். நீங்க அவளைக் கைவிட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் கமிட்டி அறை. செயலர், தலைமையாசிரியை, தங்கராசு, இன்னும் சிலர். என்னை நிற்க வைத்துத்தான் கேட்டார்கள்.

செயலர் சொன்னார், "வந்தவங்களை வரவேற்க நாலு பிள்ளைக யூனிபார்ம்ல நிக்கட்டும்னுதான் இதை வச்சிருக்கோம். இவளுக எதிர்த்துப் பேசுறாளுக. இந்த இயக்கமே பெரியவங்களுக்கு அடங்கி நடக்கச் சொல்லித் தர்றதுதான? எதுக்கு ஆரம்பிச்சாங்கன்னாவது தெரியுமா உங்களுக்கு?"

தெரியும் என்றேன். வரலாறும் நோக்கமும் நான் வாழ்க்கையில் ஒரு தடவைதான் பேசியிருக்கிறேன். அது அந்த அறையில். பேசினதை அப்படியே எழுதுகிறேன். கொடுத்த தலைப்புக்கும் ஆச்சு.

"இதை முதல்ல பொம்பளப் பிள்ளைகளுக்குன்னு யாரும் ஆரம்பிக்கலைங்க. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. இங்கிலாந்துல ஆம்பளப் பிள்ளைகளுக்குன்னு ஆரம்பிச்சாங்க. பையன்க எல்லாம் கூடுன ஒரு அணிவகுப்புல, கூப்பிடாமலே கொஞ்சம் பொம்பளப் பிள்ளைக வந்து நின்னுச்சுக. தொப்பி, கம்பு எல்லாம் தாங்களே தேத்திக்கிட்டு. யாரு நீங்கன்னு கேட்டா, நாங்களும்தான்னு சொல்லுச்சுக. இயக்கத்தை ஆரம்பிச்சவரே திகைச்சுப் போயிட்டாராம். பொட்டைப் பிள்ளைக காடுமேட்டுல அலையிறதான்னு ஊரெல்லாம் பேச்சு. பிள்ளைக வீட்டுக்குப் போகலை. அதனாலதான் அதுகளுக்குன்னு தனியா ஒண்ணு வச்சாங்க. அது நம்ம நாட்டுக்கு வந்தப்ப வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும்னு கதவைச் சாத்துனாங்க. நம்ம பிள்ளைக அந்தக் கதவையும் தட்டித்தான் உள்ள போச்சுக. சுதந்திரம் வந்தப்புறம் பிரிஞ்சு கிடந்ததெல்லாம் ஒண்ணாச்சு. ஆம்பளப் பிள்ளையும் பொம்பளப் பிள்ளையும் ஒரே கொடிக்குக் கீழ வந்துச்சு. இதுல எந்த இடத்துலயும் பன்னீர்ச் செம்பு இல்லைங்க."

ஒருத்தர் இருமினார்.

"சரி, நோக்கம்?" என்றார் செயலர். கிண்டலாகத்தான் கேட்டார்.

"பக்கத்துல அப்பன் ஆத்தா இல்ல, டீச்சர் இல்ல, சொல்லிக்குடுக்க ஆள் இல்ல. அந்த நேரத்துல ஒரு பிள்ளை தன் புத்தியக் கேட்டு நிக்கணும். அம்புட்டுதான். அதைத்தான் அவ செஞ்சா."

தங்கராசு அதுவரைக்கும் பேசவில்லை. அப்போது கேட்டார். "நான் பொய் சொன்னேனா டீச்சர்? நான் பிள்ளை பிடிக்கிறவனா?"

"இல்லைங்க ஐயா. நீங்க சொன்னது பூராவும் உண்மை. உண்மை சொல்ற ஆளும் காத்திருந்துதான் வாங்கணும். இல்லாட்டிப் பொய் சொல்ற ஆளு வரும்போது எங்க பிள்ளை எப்படி நிறுத்துவா?"

கார்த்திகாவைக் கூப்பிட்டார்கள். நீல உடுப்பில், ஸ்கார்ஃப் கட்டி, சரியாக வந்து நின்றாள். நான் அவளுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தாள்.

"ஐயா, பந்தல்ல உங்களைப் பாத்து எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கிறேன். பிரேயர்லயும் கேக்குறேன். பாப்பாவைக் குடுக்காததுக்குக் கேக்க மாட்டேன்."

"கேக்கலைன்னா ஸ்கார்ஃபைக் கழட்டணும்" என்றார் செயலர்.

"உறுதிமொழி எடுத்துக் கட்டுனது ஐயா. அதை மீறுனாத்தான் கழட்டணும். நான் மீறலை."

அவளை வெளியே போகச் சொன்னார்கள். அப்புறம் செயலர் என்னிடம், "அப்ப படையைக் கலைக்க வேண்டியதுதான். நாளையிலேருந்து கிடையாது" என்றார்.

கலையுங்கள் என்றேன். "ஆனா எழுத்துல குடுங்க. காரணமும் போட்டுக் குடுங்க. திருவிழாவுல தொலைஞ்ச பிள்ளையை, அந்தப் பிள்ளை போக மறுத்த ஆள்கிட்டக் கொடுக்காத குத்தத்துக்காகன்னு எழுதுங்க. நோட்டீஸ் போர்டுல நானே ஒட்டுறேன். பெத்தவங்கள்லாம் படிக்கட்டும்."

பேனா மேஜையில் கிடந்தது. யாரும் எடுக்கவில்லை. நான் நின்றேன். கால் வலித்தது. நின்றேன். கடைசியில் செயலர், போங்க, பாக்கலாம் என்றார்.

அந்த உத்தரவு வரவே இல்லை. அதற்காக எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். தலைமையாசிரியை மாதக்கணக்கில் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வருஷ முகாமுக்கு அனுமதி கிடைக்கவில்லை. நாலு பிள்ளைகளைப் பெற்றவர்கள் படையை விட்டு நிறுத்திவிட்டார்கள், வம்பு எதற்கு என்று. கார்த்திகாவுக்கு வகுப்பில் மொட்டை மாமா என்று பட்டப்பேர். இதெல்லாம் வரும். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். இன்னொன்றும் எழுத வேண்டும். அவள் அப்பாவுக்கு வேலை போகவில்லை. தங்கராசு அந்த மூட்டை தூக்குகிற வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கோபக்கார மனுஷர், ஆனால் அந்த அளவுக்கு இறங்குகிறவர் இல்லை.

ஒன்றே ஒன்று செய்தார். சாலையில் என்னைப் பார்த்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த மாசி வந்தது. பந்தலை எங்களுக்குக் கொடுப்பார்களா என்று சந்தேகம். கேட்காமலே போய் உட்கார்ந்தோம். போலீஸ்காரப் பெண் பார்த்தாள். பெஞ்சைத் துடைத்துப் போட்டாள்.

கூட்டம் நெருக்கியடிக்கும் நேரம். கூட்டத்தைப் பிளந்துகொண்டு தங்கராசு வந்தார். தோளில் ஒரு பையன். வாய் நிறைய அழுகை, கை நிறையப் பஞ்சு மிட்டாய். பக்கத்திலேயே போலீஸ் பந்தல் இருந்தது. அங்கே போகவில்லை. என்னைத் தாண்டிப் போனார். என்னைப் பார்க்கவில்லை. நேராகக் கார்த்திகா முன்னால் போய் நின்றார்.

"இந்தா. தேர்முட்டிகிட்ட நின்னு அழுதான். யாரு பெத்ததுன்னு தெரியல."

கார்த்திகா கையை நீட்டவில்லை. முதலில் கேட்டாள். எந்த இடத்தில் கண்டார், பக்கத்தில் யார் இருந்தார்கள், பையன் ஏதாவது பேர் சொன்னானா என்று. எல்லாரிடமும் கேட்கிற மாதிரி. அவர் ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொன்னார். அப்புறம்தான் பையனை வாங்கி இடுப்பில் வைத்தாள்.

அவர் போகத் திரும்பினார். ரெண்டு எட்டு வைத்துவிட்டு மறுபடி வந்தார். சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சு மிட்டாயைத் தட்டிவிட்டார்.

"ஏ புள்ள. வீடு தெரிஞ்சுபோச்சு, நான் கொண்டுபோய் விடுறேன்னு நானே திரும்பி வந்து கேட்டாலும் குடுத்துராத."

"குடுக்க மாட்டேன் ஐயா" என்றாள்.